வெடிவிபத்தை அறிதலும் தடுத்தலும்



பொகவந்தலாவையிலிருந்து வந்திருக்கும் ஓர் அரசினர் பாடசாலை அதிபர், இரசாயனத் தொழிற்சாலைகளின் வெடிவிபத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்தே காலங்கழித்தவன். எங்கள் ஊரைச் சுற்றி நாற்புறமும் தேயிலை மலைகள். தொழிற்சாலை என்றால் எங்கள் பிள்ளைகள் முதலில் அறிவது தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைத்தான்.

ஆயினும் அந்தப் பிள்ளைகள் இன்று மலையிலேயே தங்கிவிடுவதில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புக்கும், கட்டுநாயக்காவுக்கும், பியகமைக்கும், கடல்கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர். வர்ணப்பூச்சு, றப்பர், பிளாத்திக்கு, உரம், மருந்து ஆகியவற்றை ஆக்கும் இடங்களில் வேலைக்கு அமர்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி விடுமுறைக்கு ஊர் வந்த பழைய மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வர்ணப்பூச்சுக்கு வேண்டிய திரவங்களைக் கலக்கும் ஓரிடத்தில் அவருக்கு வேலை. பலகாரமும் தேநீரும் முடிந்த பின்பு அவர் மெல்லச் சொன்னார்:

“சேர், எங்கள் கலவைக் கலம் ஒன்றின் மூடியருகே மூன்று கிழமையாக ஆவி மணக்கிறது. மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை சொன்னேன். ‘மணக்காத இரசாயனம் எங்கே இருக்கிறது? நீ வேலையைப் பார்’ என்றார். மூன்றாம் முறை சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது. நான் என்ன செய்ய?”

அன்று என்னால் நேரான விடை கூற இயலவில்லை. அந்த மணம் எத்தகைய அபாயத்தின் அறிகுறி என்பதே எனக்குத் தெரியாதிருந்தது. பின்னர் எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், கிடைத்த நூல்களையும் விசாரணை அறிக்கைகளையும் படித்தும் ஓரளவு விளங்கிக்கொண்டேன். அவ்வாறு விளங்கிக்கொண்டதையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், வெடிப்பு என்பது யாது? பெரும்பாலான தொழிற்சாலை வெடிப்புகள் அவசரப்பட்ட எரிவுகளே. ஒரு விறகுக் கட்டையை அடுப்பில் வைத்தால் ஆறுதலாக எரிகிறது. அதையே சிராய்களாகப் பிளந்தால் விரைந்து எரிகிறது. அக்கட்டையை அறுத்தபோது விழுந்த மரத்தூளைக் காற்றில் தூவித் தீயைக் காட்டினால், ஒரு நொடிக்குள் ‘குப்’பென்று பற்றிவிடுகிறது. கட்டையும் சிராயும் தூளும் ஒரே பொருளே. வேறுபாடு, காற்றிலுள்ள ஒட்சிசன் அதனை எத்தனை பக்கத்திலிருந்து தொடமுடிகிறது என்பதில் இருக்கிறது. எரிவு விரைவாக நிகழும்போது சூடேறிய வாயு பெருகி, வெளியேற வழி தேடுகிறது. வெட்டவெளியானால் பெரும்பாலும் தீப்பிழம்பாக எழுந்து அடங்கும். அடைபட்ட அறையோ, குழாயோ, கலமோ ஆனால், சுவரை இடித்துக்கொண்டு வெளியேறும். அதனையே நாம் வெடிப்பு என்கிறோம்.

ஆகவே வெடிப்புக்கு வேண்டியவை ஐந்து எனச் சொல்லலாம். எரியக்கூடிய பொருள், ஒட்சிசன், தீப்பொறி அல்லது வெப்பம், இம்மூன்றும் தீக்குப் போதும். எரிபொருள் காற்றில் நன்கு கலந்திருத்தல், அக்கலவை அடைபட்டிருத்தல் ஆகிய இரண்டும் சேர்ந்தால் அது வெடிப்பாகிறது. இவ்வைந்தில் ஒன்றையேனும் அகற்றிவிட்டால் இவ்வகை வெடிப்பு நிகழாது. பாதுகாப்புக் கலை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

இனி, எரியும் ஆவியைப் பார்ப்போம். பெற்றோல், தின்னர், சமையல் வாயு போன்றவற்றில் எரிவது அவற்றின் ஆவியே. அந்த ஆவி காற்றில் எந்த அளவில் கலந்தாலும் எரிந்துவிடாது. சமையல் வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பங்கு கலவையில் அது ஏறத்தாழ இரண்டு பங்குக்குக் குறைவாக இருந்தால் தீப்பற்றாது. ஒன்பது, பத்துப் பங்குக்கு மேற்பட்டாலும் தீப்பற்றாது. இடைப்பட்ட அளவே அபாயமானது. ஐதரசன் வாயுவுக்கோ அந்த எல்லை நான்கு பங்கு முதல் எழுபத்தைந்து பங்கு வரை விரிந்து கிடக்கிறது. இன்னொன்றும் உண்டு. சமையல் வாயுவும் பெற்றோல் ஆவியும் காற்றினும் பாரமானவை. அவை புகைபோல் மேலெழுந்து கூரையால் வெளியேறுவதில்லை. நீரைப்போல் தாழ்ந்து, தரையோடு ஊர்ந்து, கானுக்குள்ளும் குழிக்குள்ளும் தேங்கும். எங்கோ தொலைவில் ஒரு மின் ஆளியைத் தட்டும்போது எழும் சிறு பொறி போதும். தீ வந்த வழியே திரும்பி ஓடி, கசிவு தொடங்கிய இடத்தை அடையும். எனவே மூடியருகே ஆவி மணப்பதை, கலத்திலிருந்து எரிபொருள் வெளியேறத் தொடங்கிவிட்டது என்ற அறிவித்தலாகவே கொள்ளல் வேண்டும். அத்துடன், நாள் முழுதும் ஒரே மணத்தில் நிற்பவனின் மூக்கு அதனை உணராது மரத்துப்போகும். மணம் தெரியவில்லை என்பதைக் கொண்டு கசிவு நின்றுவிட்டது எனத் துணிதல் ஆகாது. அளக்கும் கருவியே அதற்குச் சான்று.

அடுத்தது தூள். ‘மாவும் சீனியும் வெடிக்குமா?’ என எங்கள் மாணவர்கள் கேட்பதுண்டு. வெடிக்கும். இத்தாலி நாட்டின் தூரின் நகரில் 1785ஆம் ஆண்டு மாக்களஞ்சியம் ஒன்றில் நிகழ்ந்த வெடிப்பே இவ்வகையில் முதன்முதல் விரிவாக எழுதிவைக்கப்பட்டது. காற்றில் எழுந்த மாத்தூளில் விளக்கின் சுடர் பட்டதும் நேர்ந்தது அது. அதிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் அப்பாடத்தை முற்றாகக் கற்கவில்லை. 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி, அமெரிக்காவின் யோர்ஜியா மாநிலத்தில் போட் வென்ற்வேர்த் என்னுமிடத்திலிருந்த சீனி ஆலையொன்று வெடித்து 14 தொழிலாளர் மாண்டனர்.

அந்த ஆலையில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். சீனியைக் கொண்டுசெல்லும் பட்டியொன்றை, அழுக்குப் படாதிருக்கட்டும் என்ற நல்லெண்ணத்துடன் உருக்குத் தகடுகளால் மூடினார்கள். முன்பு பரந்து கலைந்துபோன சீனித்தூள் இப்போது அந்தக் கூட்டுக்குள் அடைபட்டுச் செறிந்தது. சூடேறிய இயந்திரப் பாகம் ஒன்று அதற்குத் தீயூட்டியிருக்கலாம் என்று விசாரணையாளர் முடிவு செய்தனர். அந்த முதல் வெடிப்போடு அழிவு நிற்கவில்லை. அதன் அதிர்ச்சியால் தளத்திலும், வளைகளிலும், குழாய்களின் மேலும் நெடுங்காலம் படிந்திருந்த தூள் எல்லாம் எழுந்து காற்றில் கலந்தது, அதுவும் பற்றியது. அறைக்கு அறை, மாடிக்கு மாடி வெடிப்பு தொடர்ந்தது. ஆட்களைப் பெரிதும் கொல்வது இந்த இரண்டாம் வெடிப்பே. இதற்கு மலைபோல் தூள் குவிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பரந்த தளத்தின் மீது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த படிவே அபாயமெனக் கொள்ளப்படுகிறது. விரலால் பெயர் எழுதக்கூடிய அளவு தூசி மேலே படிந்திருந்தால், துப்புரவுக்கு நேரமாகிவிட்டது என்று பொருள்.

நமக்கு அண்மையிலும் ஒரு துயரம் நிகழ்ந்தது. 2025ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி, இந்தியாவின் தெலங்கானா மாநிலத்துப் பாசமைலாரம் என்னும் தொழிற்பேட்டையில், மருந்து வில்லைகளிற் சேர்க்கும் ஒருவகைச் செல்லுலோசுத் தூளை ஆக்கும் ஆலை வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் தூள் நஞ்சன்று; நாம் நாளும் விழுங்கும் வில்லைகளில் இருப்பதுதான். அதனை உலர்த்தும் பகுதியிலேயே வெடிப்பு நேர்ந்தது. மாண்டவர்களிற் பலர் வேறு மாநிலங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அச்செய்தியைக் கேட்டபோது என் மனம் எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குச் சென்றது. அங்கும் உலர்த்தும் இயந்திரம் உண்டு. விறகு எரியும் உலை உண்டு. அரித்துத் தரம் பிரிக்கும் அறையில் பஞ்சுபோன்ற நுண்தூள் பறந்து வளைகளில் படிவதுண்டு. மாவைப்போலத் தேயிலைத் தூளும் எரியும் இயல்புடையதே. பெருக்கும் வேலையைச் செய்பவரை நாம் கடைநிலை ஊழியராக எண்ணுகிறோம். உண்மையில் அந்த அறையைக் காப்பவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துத் தூளை மேலும் காற்றில் கிளப்பவிடாது, உறிஞ்சியெடுக்கும் தக்க கருவியைக் கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது வகை சற்று வேறானது. இதற்கு வெளியிலிருந்து தீப்பொறி வேண்டுவதில்லை. இதனை எங்கள் கொழுந்தெடுக்கும் பெண்கள் எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர். பறித்த கொழுந்தைச் சாக்கில் இறுக அடைத்து நெடுநேரம் விட்டுவிட்டால் என்ன ஆகிறது? கையை உள்ளே விட்டால் சுடுகிறது. நடுவிலுள்ள கொழுந்து சிவந்து கெட்டுவிடுகிறது. எவரும் அதற்குத் தீ மூட்டவில்லை. பச்சைக் கொழுந்து தானே வெப்பத்தை வெளிவிடுகிறது. பரப்பிவைத்தால் அவ்வெப்பம் கலைந்துபோகும். அடைத்துவைத்தால் போக வழியின்றி உள்ளேயே கூடும். அதனாலன்றோ கொழுந்தை இறுக்காமல், தாமதியாமல் தொழிற்சாலைக்கு அனுப்பி, வாட்டும் மாடியில் காற்றுப்பட விரிக்கிறார்கள்?

இரசாயனக் கலத்திலும் இதுவே நடக்கிறது. இரு பொருள்கள் ஒன்றோடொன்று தாக்கம் புரியும்போது வெப்பம் பிறக்கிறது. வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் தாக்கத்தின் வேகம் பொதுவாக ஏறத்தாழ இருமடங்காகிறது. வேகம் கூடினால் இன்னும் வெப்பம். இன்னும் வெப்பம் வந்தால் இன்னும் வேகம். குளிர்நீர் அவ்வெப்பத்தை அகற்றும் அளவோ அத்துணை விரைவாகக் கூடுவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், மலைச்சரிவில் தடை அறுந்த வண்டிபோல் அத்தாக்கம் ஓடத் தொடங்கும். கலத்தின் பருமனுக்கும் இதில் பங்குண்டு. நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகிறது; வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. பரிசோதனைச் சாலையின் சிறு குடுவையில் சாதுவாக இருந்த தாக்கம், பெருங்கலத்தில் கட்டுக்கடங்காது போவதன் காரணம் இதுவே.

போபாலில் 1984ஆம் ஆண்டு திசெம்பர் 2ஆந் திகதி இரவு நிகழ்ந்த பேரழிவை இந்த வரிசையில் நினைவுகூரலாம். அங்கே தாங்கி வெடித்துச் சிதறவில்லை. ஆனால் ஏறத்தாழ 40 தொன் மீதைல் ஐசோசயனேற்று இருந்த தாங்கிக்குள் நீர் புகுந்து, தாக்கம் கட்டுமீறி, அமுக்கம் உயர்ந்து, நச்சாவி ஊரின்மேற் படர்ந்தது. அத்தாங்கியைக் குளிராக வைத்திருக்கவேண்டிய குளிரூட்டும் பொறி சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரமும் அன்று இயங்கும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின் இவற்றை முன்கூட்டி அறிய வழியில்லையா என்று நீங்கள் கேட்பது இயல்பு. வழி உண்டு. 1960களில் இங்கிலாந்தின் இரசாயனத் தொழிலில் ஒரு முறை உருவாயிற்று. பொறியியலாளரும் கலத்தை இயக்குவோரும் ஒரே மேசையில் அமர்ந்து, வரைபடத்திலுள்ள ஒவ்வொரு குழாயையும் கலத்தையும் சுட்டிக் கேள்வி கேட்பார்கள். இங்கே ஓட்டம் இல்லாது போனால் என்ன ஆகும்? மிகுந்தால்? குறைந்தால்? தலைகீழாகத் திரும்பினால்? வேறு பொருள் சேர்ந்து வந்தால்? இவ்வாறு ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அபாயத்தைத் தாளிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இன்று உலகெங்கும் இம்முறை வழங்குகிறது.

தமிழாசிரியனாகிய எனக்கு இதைப் படித்தபோது நன்னூலின் புணரியல் நினைவுக்கு வந்தது. இரண்டு சொற்கள் புணரும்போது நேரும் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். இல்லாத எழுத்து வந்து சேர்வது தோன்றல். ஓரெழுத்து மற்றோர் எழுத்தாவது திரிதல். இருந்த எழுத்து மறைவது கெடுதல். தொழிற்சாலையின் விகாரங்களையும் இம்மூன்றில் அடக்கி நினைவிற் கொள்ளலாம். என் மாணவர்களுக்கு நான் அவ்வாறே சொல்லிவருகிறேன்.

போபாற் தாங்கிக்குள் நீர் வந்தது தோன்றல். வரக்கூடாத பொருள் வந்து சேர்ந்தது.

திரிதலுக்கு இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலை சான்று. நைலோனுக்கு வேண்டிய மூலப்பொருளை ஆக்கும் ஆலை அது. சைக்கிளோஎக்சேன் என்னும் எரியும் திரவம், கொதிநீரினும் மிக்க வெப்பத்தில், அமுக்கத்தின்கீழ், படிப்படியாக அமைந்த ஆறு கலங்களினூடே சென்றுகொண்டிருந்தது. 1974ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஐந்தாவது கலத்தில் வெடிப்புக் கண்டது. அக்கலத்தை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். கலத்தின் வாய் 28 அங்குலம். கிடைத்த குழாயோ 20 அங்குலம். இரு கலங்களும் வெவ்வேறு உயரத்தில் நின்றமையால் குழாயை வளைத்துப் பொருத்தினார்கள். அதற்கு முறையான வரைபடம் இல்லை. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கீறிய கோடுகளே வரைபடம். அவ்வேளை அங்கே தகுதிவாய்ந்த ஆலைப் பொறியியலாளர் பதவி வெற்றிடமாக இருந்தது. இரண்டு மாதம் அக்குழாய் தாங்கிற்று. யூன் 1ஆந் திகதி சனிக்கிழமை மாலை அது பிய்ந்தது. பல தொன் ஆவி பரந்து தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். அவர்களுள் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வாரநாளாக இருந்திருந்தால் அலுவலகங்களில் இருந்த பல நூற்றுவரும் மாண்டிருப்பர்.

அக்குழாயைப் பொருத்தியவர்கள் சோம்பேறிகளும் அல்லர், தீயவர்களும் அல்லர். ஆலை விரைவில் ஓடவேண்டும் என்று உழைத்தவர்கள். தாங்கள் செய்தது சிறு மாற்றமன்று, ஆலையின் அமைப்பையே திரித்த மாற்றம் என்பதை எடுத்துச் சொல்ல அவர்களிடையே ஒருவரும் இல்லை. அதன் பின்னரே, எத்துணைச் சிறிதாயினும் எந்த மாற்றத்தையும் எழுத்தில் வைத்து, அறிந்தவர் பார்வையிட்டு, ஒப்பமிட்ட பின்பே செய்தல் வேண்டும் என்னும் ஒழுங்கு உலகெங்கும் வலுப்பெற்றது.

கெடுதலுக்கு அமெரிக்காவின் ரெக்சாஸ் நகரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைக் கூறலாம். 2005ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆந் திகதி அங்கே ஒரு கோபுரத்துக்குள் திரவம் அளவுமீறி நிரம்பிற்று. நிறைவைக் காட்டவேண்டிய கருவி பிழையாகக் காட்டியது. எச்சரிக்க வேண்டிய மணி ஒலிக்கவில்லை. பொங்கி வெளியேறிய திரவத்தின் ஆவி தீப்பற்றி 15 பேர் மாண்டனர். அவர்கள் கோபுரத்தை இயக்கியவர்கள் அல்லர். அருகே நிறுத்தியிருந்த தற்காலிகக் கூடங்களிலும் அவற்றை அண்டியும் இருந்த ஒப்பந்த வேலையாட்கள். காவலாக இருந்த கருவிகள் கெட்டிருந்தன; கெட்டிருப்பதை அறிந்தும் வேலை தொடங்கப்பட்டது.

இனித் தடுக்கும் வழிகளை வரிசையாகக் கூறுகிறேன். முதலாவது, அபாயப் பொருளைக் குறைத்தல். கலத்திலும் களஞ்சியத்திலும் வேண்டிய அளவுக்கு மேல் வையாதிருத்தலே தலையாய பாதுகாப்பு என்று ஃபிளிக்ஸ்பரோவுக்குப் பின் திரெவர் கிளெற்சு என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் ஓயாது வற்புறுத்தினார். 2020ஆம் ஆண்டு ஓகத்து 4ஆந் திகதி பேய்ரூத் துறைமுகத்தில் வெடித்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று, ஆறாண்டுகளுக்கு மேல் எவருக்கும் பயனின்றிக் கிடந்த பொருள் என்பதை இங்கே எண்ணிப்பாருங்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர்.

இரண்டாவது, ஒட்சிசனை விலக்கல். கலத்தின் மேல்வெளியில் காற்றுக்குப் பதிலாக நைதரசனை நிரப்பினால், உள்ளே பொறி எழுந்தாலும் தீப்பற்றாது. ஆனால் அத்தகைய கலத்துக்குள் மனிதன் தலையை நுழைத்தால் மூச்சின்றி வீழ்வான் என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது, தீப்பொறியை விலக்கல். வெல்டிங் போன்ற வேலைகளுக்கு எழுத்து அனுமதி பெறுதல், வாயுவை அளந்த பின்பே தொடங்குதல், பொறி வெளிப்படாத மின்கருவிகளைப் பொருத்துதல் ஆகியன இதில் அடங்கும். திரவத்தை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றும்போது உராய்வால் நிலைமின் சேர்ந்து பொறியாகப் பாயும். ஆதலின் உலோகப் பாத்திரங்களைக் கம்பியால் இணைத்து நிலத்துக்குத் தொடுத்தல் வேண்டும்.

நான்காவது, எல்லாம் தவறினாலும் உயிரைக் காக்கும் ஏற்பாடு. அமுக்கம் மிகும்போது தானே திறக்கும் வால்வு, முதலிற் பிய்ந்து வெளிப்புறமாக வழிவிடும் மெல்லிய பலகை, ஆட்கள் கூடும் அறைகளைத் தொலைவில் அமைத்தல் ஆகியவை இவ்வகை. ஓடவேண்டிய வழியில் பெட்டிகளை அடுக்காதிருத்தலும் இதனுட் சேரும்.

வேடிக்கை பார்க்கக் கூடுதலைப் பற்றியும் ஒரு சொல். 2012ஆம் ஆண்டு செப்தெம்பர் 5ஆந் திகதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று தீப்பற்றி வெடித்தபோது ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். முதல் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த ஊரவரும் அவர்களுள் இருந்தனர். இரக்கம் நல்லதே. ஆயினும் முதல் வெடிப்புக்குப் பின் இரண்டாவது வரும் என்பதை அறிந்தவர், மற்றவரைத் தடுத்து நிறுத்துதலே அவ்வேளை செய்யக்கூடிய பேருதவி.

இவையெல்லாம் பிற நாட்டுக் கதைகள் என்று நாம் இருந்துவிட முடியாது. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எரிந்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதில் 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. கொள்கலம் ஒன்று கசிவதைக் கப்பலில் இருந்தோர் முன்னரே கண்டனர். கட்டாரிலும் இந்தியாவிலும் இரு துறைமுகங்களில் அதனை இறக்க இடம் கிடைக்கவில்லை. கப்பல் கசிவோடு நம் கடலுக்கு வந்தது. மே 20ஆந் திகதி தீ காணப்பட்டது. 25ஆந் திகதி வெடித்தது. யூன் 2ஆந் திகதி மூழ்கத் தொடங்கியது. கரையெங்கும் ஒதுங்கிய பிளாத்திக்கு மணிகளையும், கடலுக்குப் போகவியலாது நின்ற மீனவரையும் நாடு கண்டது. அதே ஆண்டின் இறுதியில் பல வீடுகளில் சமையல் வாயு தொடர்பான வெடிப்புகள் நேர்ந்தபோது, சிலிண்டரில் நிரப்பிய புரொப்பேன், பியூற்றேன் ஆகியவற்றின் விகிதம் மாறியமை நாடெங்கும் பேசப்பட்டது. முன்னதில் கெடுதல், பின்னதில் திரிதல் என்று என் மாணவி ஒருத்தி வகுப்பில் வகைப்படுத்திச் சொன்னாள்.

சட்டம் நமக்கு இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எரியும் தூள், வாயு, ஆவி ஆகியவற்றுக்கு எதிரான முற்காப்புகளை அது வேண்டுகிறது. தொழில் திணைக்களத்தில் இதற்கெனப் பொறியியலாளர்களும் உள்ளனர். ஆனால் சட்டப்புத்தகத்துக்கு மூக்கில்லை. கலத்தின் அருகே எட்டு மணிநேரம் நிற்பவருக்கே மணம் முதலில் தெரியும். குழாயின் நடுக்கம் அவர் கைக்கே முதலில் எட்டும். வழக்கத்துக்கு மாறான ஓசை அவர் செவிக்கே முதலில் விழும். நான் படித்த அறிக்கைகளில், முன்னறிகுறி எதுவுமின்றித் திடீரென நேர்ந்த வெடிப்பு ஒன்றையும் காணவில்லை. கசிவு, படிந்த தூள், நிறுத்திய குளிரூட்டி, ஒட்டுப்போட்ட குழாய், ஒலியாத மணி என்று ஏதோ ஒன்று நாட்கணக்கில், மாதக்கணக்கில் எல்லோர் கண்முன்னும் இருந்தது. பழகிவிட்டமையால் அது பிழையாகத் தோன்றவில்லை.

ஆதலால் முதலாளிமாருக்கும் மேற்பார்வையாளருக்கும் நான் பணிவுடன் வேண்டுவது இதுவே: ‘மணக்கிறது’ என்று வந்து சொல்பவரைக் கடிந்து அனுப்பாதீர்கள். பத்து முறை வீணாக இயந்திரத்தை நிறுத்தும் செலவு, ஒருமுறை வெடிப்பதன் செலவுக்கு அருகிலும் வராது. வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு நான் கூறுவது: கண்டதை வாயால் மட்டும் சொல்லாது, திகதியும் நேரமும் இட்டு எழுதிக் கொடுங்கள். தனியே செல்லாது உடன் வேலை செய்பவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். ‘எனக்குப் பயமாயிருக்கிறது’ என்பதோடு நில்லாமல், எந்தக் கலத்தில், எந்த இடத்தில், எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அதற்கும் தெரிவியுங்கள். பலனில்லையேல் தொழில் திணைக்களத்துக்கு எழுதுங்கள்.

என்னிடம் வந்த மாணவருக்கு, அவர் விடுமுறை முடிந்து திரும்பு முன்னரே, அறிந்த அளவில் இவ்வாறு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துப் பிழை திருத்தி, மரியாதை குறையாத சொற்களால், அவர் பெயரில் ஒரு கடிதமும் ஆயத்தம் செய்தோம். அவரும் இன்னும் இருவரும் ஒப்பமிட்டுக் கொடுத்தார்கள். கலத்தை ஒருநாள் நிறுத்தித் திறந்து பார்த்தபோது, மூடியின் றப்பர் வளையம் ஒருபுறம் முற்றாகத் தேய்ந்திருந்ததாம். புதிது மாற்றினார்கள். சில மாதங்களின் பின் அவரை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மேலதிக நேரக் கொடுப்பனவு குறைவு. அதனை அவர் மறைக்காமல் எனக்கு எழுதியிருந்தார். தாம் செய்தது சரிதானா என்றும் கேட்டிருந்தார். சரிதான் என்று மறுமொழி எழுதினேன். அந்தக் கொடுப்பனவுக் குறைவை ஈடுசெய்யும் வழி எனக்குத் தெரியவில்லை என்பதையும் அக்கடிதத்திலேயே எழுதினேன். உண்மையைச் சொன்ன தொழிலாளி அதனால் ஒரு சதமும் இழக்காதிருக்கும் ஏற்பாடு ஒவ்வொரு தொழிற்சாலையிலும் வரவேண்டும். அது வரும்வரை என் மாணவர்களை வேலைக்கு அனுப்பும்போது எனக்கு முழு நிம்மதி இராது.